அடிப்புறத்து எழுத்து: கனடியத் தொலைபேசிகளை இனங்காணல் பற்றி ஒரு குறிப்பு

மாத்தளை நகரிலிருந்து தம்புள்ளை நோக்கிச் செல்லும் பெருவீதியில் ஏறத்தாழ மூன்று கிலோமீற்றர் தொலைவில் அமைந்துள்ளது அலுவிகாரை. ஆலோக விகாரை என்பது அதன் பழம்பெயர். கி.மு. முதலாம் நூற்றாண்டில், வட்டகாமணி அபயன் ஆண்ட காலத்தில், அதுவரை வாய்மொழியாகவே ஓதப்பட்டு வந்த பாளித் திரிபிடகம் முதன்முதலாக ஏட்டில் எழுதப்பெற்றது. எழுதப்பெற்ற செய்தியை மகாவம்சம் கூறுகின்றது. அது நிகழ்ந்த இடம் இவ்விகாரையே எனப் பிற்கால மரபு உரைக்கின்றது. நாட்டிலே பஞ்சமும் போரும் சூழ்ந்த வேளை அது. ஓதுவார் மடிந்தால் ஓதப்படுவதும் மடிந்துவிடும் என்ற அச்சமே குரலை எழுத்தாக்கத் தூண்டியது எனலாம். எழுதப்பட்டவையும் அழிவுக்கு அப்பாற்பட்டவையல்ல. 1848 ஆம் ஆண்டு மாத்தளைக் கிளர்ச்சியின்போது இவ்விகாரையின் ஏட்டுச் சுவடிகள் அழிவுற்றன. எனினும், எழுத்தாக்கப்பட்டமையால் அவ்வுரைகள் பல பிரதிகளாகப் பல இடங்களுக்கும் பரவியிருந்தன. ஆதலின் அவை பிழைத்தன.

இக்கட்டுரை திரிபிடகம் பற்றியதன்று. அவ்விகாரைக்கு அண்மையில் உள்ள எம் பாட்டியார் இல்லத்து அலுமாரியில் கிடக்கும் ஒரு பழைய தொலைபேசியைப் பற்றியது. அதனை முன்னிட்டுக் கனடாவில் உற்பத்தியான சுழல்தட்டுத் தொலைபேசிகளையும் பொத்தான் தொலைபேசிகளையும் இனங்காணும் முறை பற்றியது. தொலைபேசி குரலைக் கடத்துமேயன்றிச் சேமிப்பதில்லை. பேசியவர் கைப்பிடியைத் தாங்கியில் வைத்த கணத்திலேயே பேச்சு மறைந்துவிடுகின்றது. ஆனால், பேச்சு மறைந்த பின்னரும் கருவி எஞ்சுகின்றது. அக்கருவி தான் பிறந்த இடத்தையும் காலத்தையும் தான் கண்ட மாற்றங்களையும் தன் உடலிலேயே பொறித்து வைத்திருக்கின்றது. அவ்வெழுத்தை வாசிக்கக் கற்றல் வரலாற்று மாணவர்க்குரிய பயிற்சிகளுள் ஒன்று என்பதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கருவி வந்த வரலாறு

1983 யூலையில் மாத்தளை நகரிலும் தமிழர்தம் கடைகளும் வீடுகளும் எரியூட்டப்பட்டன. எம் தாய்மாமன் தொழில் பார்த்த கடையும் அவற்றுள் ஒன்று. மூன்றாண்டுகளின் பின்னர் அவர் கனடா சென்றார். அவ்வாண்டு, அதாவது 1986 ஓகஸ்ட்டில், நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளிலிருந்து 155 இலங்கைத் தமிழர் மீட்கப்பட்ட செய்தி உலகெங்கும் பரவியிருந்தது. மாமா அப்படகுகளில் வந்தவரல்லர். ஆயினும் அவரும் அப்பேரலையின் ஒரு துளியே. ரொறன்ரோவில் உணவகமொன்றின் சமையற்கூடத்தில் அவருக்கு வேலை கிடைத்தது.

1988 இல், ஊர் திரும்பிய ஒருவரிடம் அவர் ஒரு பொதி கொடுத்தனுப்பினார். கறுப்பு நிறச் சுழல்தட்டுத் தொலைபேசி ஒன்று அதனுள் இருந்தது. முதற் சேமிப்பில் வாங்கிய புத்தம்புதிய கருவி என்று கடிதத்தில் எழுதியிருந்தாராம். இதில் நகைப்புக்குரிய செய்தி யாதெனின், அப்பொழுது பாட்டியாரின் வீட்டில் தொலைபேசி இணைப்பே இல்லை என்பதுதான். மாமாவின் அழைப்புகள் மாத்தளை நகரிலுள்ள கடையொன்றுக்கு வரும்; முற்கூட்டியே கடிதத்தில் குறித்த நாளில், குறித்த நேரத்தில், பாட்டியார் அங்கே சென்று காத்திருப்பார். இணைப்பு வரும்வரை கருவி பழைய சேலையொன்றில் சுற்றப்பட்டு அலுமாரியில் இருந்தது. இணைப்பு வந்த பின்னர் நெடுங்காலம் வீட்டின் முன்னறையில் வீற்றிருந்தது. பின்னர் வேறு கருவி வரவே மீண்டும் அலுமாரியை அடைந்தது.

மாமா சில ஆண்டுகளின் முன் ரொறன்ரோவிலேயே காலமானார். ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் அவர் அக்கம்பி வழியே பேசிய பேச்சில் ஒரு சொல்லும் எங்கும் பதிவாகவில்லை. சென்ற விடுமுறையில் அக்கருவியைத் துடைத்து வைக்கும் நோக்குடன் கவிழ்த்தபோதுதான் அதன் அடிப்புறத்திலே தேய்ந்த எழுத்துகள் சில கண்ணிற் பட்டன.

அலுவிகாரைக்குச் செல்வோர் அங்கு ஓலையில் எழுதும் முறையைக் காணலாம். எழுத்தாணியாற் கீறிய எழுத்து முதலிற் புலப்படாது. எண்ணெயுடன் கரியைப் பூசித் துடைத்தால் கீறலில் மட்டும் கருமை தங்கும். எழுத்து எழுந்து நிற்கும். சிறுவயதில் பலமுறை கண்ட அக்காட்சி நினைவுக்கு வர, கரும்பலகைச் சுண்ணக்கட்டியைப் பொடியாக்கி அடிப்புறத்திலே மெல்லத் தடவினேன். பள்ளங்களில் வெண்மை தங்கியது. ‘நோர்தேர்ன் எலெக்ட்றிக்’ என்ற பெயரும் கனடாவில் ஆக்கப்பட்டது என்ற தொடரும் வாசிக்கக்கூடியனவாயின. அமெரிக்கக் கருவி என்றே நாம் அதுகாறும் எண்ணியிருந்தோம்.

கனடாவில் இத்தொழில் தோன்றிய வகை

இப்பெயரின் பொருளை உணர வேண்டுமாயின் கனடாவில் தொலைபேசித் தொழில் வளர்ந்த வரலாற்றைச் சுருக்கமாகவேனும் நோக்குதல் அவசியம். அலெக்சாந்தர் கிரகாம் பெல் தம் முதற் சொற்றொடரைக் கம்பி வழியே அனுப்பியது 1876 மார்ச் 10 இல், அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில். ஆயினும் அவருடைய பெற்றோர் வாழ்ந்தது கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்துப் பிரான்ற்போட் நகரில். கருவி பற்றிய எண்ணம் 1874 இல் அங்கேயே தமக்கு உதித்ததென அவர் கூறியதுண்டு. 1876 ஓகஸ்ட் 10 இல் பிரான்ற்போட்டிலிருந்து ஏறத்தாழ 13 கிலோமீற்றர் தொலைவிலுள்ள பாரிஸ் என்னும் ஒன்ராறியோச் சிற்றூருக்குக் குரல் அனுப்பப்பட்டது. அப்பரிசோதனைக்குத் தந்திக் கம்பியே பயன்பட்டது; அதற்கு மின்னூட்டிய மின்கலவடுக்கு இருந்த இடம் ரொறன்ரோ. நம்மவர் பலரின் குரல்கள் பின்னாளில் எந்நகரத்திலிருந்து கடல் கடந்து வந்தனவோ, அந்நகரமே முதல் நெடுந்தொலைப் பேச்சுக்கும் ஆற்றல் வழங்கியது என்பது மனங்கொள்ளத்தக்கது.

1880 இல் கனடிய பெல் தொலைபேசிக் கம்பனி தோற்றுவிக்கப்பட்டது. அதே ஆண்டில்தான் கண்டியிலிருந்து மாத்தளைக்குப் புகையிரதப் பாதை திறக்கப்பட்டது. கனடாவின் அக்காலக் காப்புரிமைச் சட்டம் ஒரு நிபந்தனையை விதித்திருந்தது: காப்புரிமை பெற்றவர் தம் பொருளை அந்நாட்டிலேயே உற்பத்தி செய்தல் வேண்டும், வெளிநாட்டிலிருந்து தருவித்தலாகாது. பெல்லின் கருவிகள் அமெரிக்காவிலிருந்து தருவிக்கப்பட்டமையால் 1885 இல் அவருடைய கனடியக் காப்புரிமை செல்லாதெனத் தீர்க்கப்பட்டது. உள்நாட்டு உற்பத்தியின் தேவையை இந்நிகழ்வு நன்கு உணர்த்திற்று. பெல் கம்பனியின் உற்பத்திப் பிரிவிலிருந்து 1895 இல் தனி நிறுவனம் ஒன்று கிளைத்தது. 1914 இல் அது கம்பி உற்பத்தி நிறுவனம் ஒன்றுடன் இணைந்து நோர்தேர்ன் எலெக்ட்றிக் கம்பனி என்ற பெயரைப் பெற்றது. மொன்றியல் நகரம் அதன் தலைமையிடம்.

இலங்கையின் நிலை வேறு. இங்கே 1858 இல் தந்தி வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்குள் கொழும்பில் தொலைபேசியும் வந்தது. ஆனால் இங்கே உற்பத்தி செய்தல் வேண்டும் என்ற நிபந்தனையை எவரும் விதிக்கவில்லை. குடியேற்ற நாட்டுக்குக் கருவி வரும். அதனை ஆக்கும் அறிவு வராது. இந்தியாவிலும் சுதந்திரத்தின் பின்னரே, 1948 இல், பெங்களூரில் இந்தியத் தொலைபேசிக் கைத்தொழில் நிறுவனம் நிறுவப்பட்டது. ஒரு நாட்டுத் தொலைபேசியின் அடியில் எந்நாட்டின் பெயர் பொறிக்கப்பட்டுள்ளது என்ற வினா இவ்வகையில் வெறும் சேகரிப்பாளர் வினாவன்று. பொருளாதார வரலாற்று வினாவுமாகும்.

கனடிய உற்பத்தியும் நெடுங்காலம் முழுச் சுதந்திரம் பெற்றிருக்கவில்லை. அமெரிக்காவின் வெஸ்ரேர்ன் எலெக்ட்றிக் நிறுவனம் நோர்தேர்ன் எலெக்ட்றிக்கின் பெரும் பங்குதாரராக இருந்தது. அதன் வரைபடங்களே கனடாவிலும் பயன்பட்டன. 1956 இல் அமெரிக்காவில் ஏகபோகத் தடை வழக்கொன்று உடன்பாட்டுத் தீர்ப்பில் முடிவுற்றது. அதன் பயனாக இத்தொடர்பு தளர்ந்தது. வெஸ்ரேர்ன் தன் பங்குகளைப் படிப்படியாக விற்றது. 1964 அளவில் நோர்தேர்ன் முழுமையாகக் கனடிய பெல்லின் உடைமையாயிற்று. இரவல் வரைபடங்கள் நின்றன. ஆகவே சொந்த ஆய்வு இன்றியமையாததாயிற்று. இதன் கண்கூடான விளைவு 1960களின் பிற்பகுதியில் வெளிவந்த ‘கொன்ரெம்ப்ரா’ என்னும் தொலைபேசியாகும். ஜோன் ரைசன் என்பவர் வடிவமைத்த இது, கனடாவிலேயே வடிவமைக்கப்பட்டு உற்பத்தியான முதற் தொலைபேசி எனப் போற்றப்படுகின்றது. 1976 இல் நிறுவனத்தின் பெயர் நோர்தேர்ன் ரெலிகொம் என மாறியது. பின்னர் நோர்ரெல் எனச் சுருங்கியது. 2009 இல் நிறுவனம் முறிந்தது. ஒரு நூற்றாண்டைக் கடந்து வாழ்ந்த பெருநிறுவனம் இன்று பொருட்களின் அடிப்புறத்துப் பெயராகவே பெரிதும் எஞ்சியுள்ளது.

இனங்காணும் முறை

இவ்வரலாற்றை அடிப்படையாகக் கொண்டு கருவிகளை இனங்காணும் சான்றுகளை ஐந்தாக வகுக்கலாம்.

முதலாவது, பெயர். நோர்தேர்ன் எலெக்ட்றிக் என்ற பெயர் இருப்பின் கருவியின் அப்பகுதி 1976 க்கு முந்தியது எனப் பொதுவாகக் கொள்ளலாம். நோர்தேர்ன் ரெலிகொம் என்றிருப்பின் அதற்குப் பிந்தியது. கனடாவில் வேறு உற்பத்தியாளரும் இருந்தனர். ஒட்டோமற்றிக் எலெக்ட்றிக் நிறுவனத்தின் தொழிற்சாலை ஒன்றாறியோ மாகாணத்துப் புரொக்வில் நகரில் இயங்கியது. அதன் கருவிகள் மேற்கிலுள்ள பிரித்தானியக் கொலம்பியா மாகாணத்தில் மிகுதியாகப் பயன்பட்டன. மனிதர் தலையீடின்றி இணைப்பை ஏற்படுத்தும் முறைக்கு 1891 இல் காப்புரிமை பெற்ற அல்மன் ஸ்ரோஜரின் வழிவந்த நிறுவனம் அது. அவர் தொழிலால் ஈமச்சடங்கு நடத்துபவர் என்பது பலரறிந்த செய்தி.

இரண்டாவது, வடிவம். சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில் வட அமெரிக்க இல்லங்களில் நிறைந்திருந்தது 500 ஆம் இலக்க மாதிரி. ஹென்றி ட்ரைஃபஸ் என்னும் கைத்தொழில் வடிவமைப்பாளரின் கைவண்ணம் அது. நோர்தேர்ன் இதனை உரிமம் பெற்று உற்பத்தி செய்தமையால் அமெரிக்கக் கருவியையும் கனடியக் கருவியையும் வெளித்தோற்றத்தால் மட்டும் பிரித்தறிதல் அரிது. எமது குடும்பத்தார் தவறியதும் இவ்விடத்திலேயே. கொன்ரெம்ப்ராவின் நிலை வேறு. அதன் சுழல்தட்டோ பொத்தான்களோ கைப்பிடியிலேயே அமைந்திருக்கும். மேசையிலும் வைக்கலாம், சுவரிலும் மாட்டலாம். ஒரு முறை கண்டவர் மறவார். வடிவத்தின் ஒற்றுமை இரவல் காலத்தையும், வேற்றுமை சுதந்திரக் காலத்தையும் காட்டி நிற்கின்றன.

மூன்றாவது, சுழல்தட்டின் எழுத்துகள். எழுத்துப் பொறித்த பிரித்தானியச் சுழல்தட்டுகளில் 6 என்ற எண்ணுடன் எம், என் என்னும் இரண்டு ஆங்கில எழுத்துகளே இருக்கும். ஓ என்னும் எழுத்து பூச்சியத்துடன் அமைந்திருக்கும். வட அமெரிக்க முறையில் எம், என், ஓ ஆகிய மூன்றும் 6 உடன் நிற்கும். பூச்சியத்தில் இயக்குநரை அழைக்கும் குறிப்பு இருக்கும். பிரித்தானிய மரபின் வழிவந்த இலங்கையில் இவ்வொரு வேறுபாடே வந்தேறு கருவியைக் காட்டிக்கொடுக்கப் போதுமானது.

நான்காவது, எண்ணை அனுப்பும் முறை. சுழல்தட்டை விரலால் இழுத்து விட்டால் அது விற்சுருளின் விசையாற் பின்னோக்கிச் சுழலும். அதன் வேகத்தை உள்ளிருக்கும் சிறு கட்டுப்படுத்தி ஒரே சீராக வைத்திருக்கும். திரும்பும்போது கம்பியின் மின்னோட்டம் செக்கனுக்கு ஏறத்தாழப் பத்து முறை துண்டிக்கப்படும். 3 ஐச் சுழற்றினால் மூன்று துடிப்பு. பூச்சியத்தைச் சுழற்றினால் பத்துத் துடிப்பு. பொத்தான் முறை வட அமெரிக்காவில் 1963 இல் அறிமுகமாயிற்று. அதில் ஒவ்வொரு பொத்தானும் இரண்டு சுரங்களை ஒருங்கே எழுப்பும். 1 என்ற பொத்தானை அழுத்தினால் 697, 1209 என்னும் இரு அதிர்வெண்கள் ஒலிக்கும். மனிதக் குரலிலோ சூழலின் இரைச்சலிலோ இத்தகைய இணை தற்செயலாகத் தோன்றுதல் அரிது. ஆகவே நிலையம் அதனைத் தவறாது அறிந்துகொள்ளும். தொடக்கத்தில் பொத்தான்கள் பத்தே. நட்சத்திரக் குறியும் சதுரக் குறியும் 1960களின் பிற்பகுதியில் வந்து சேர்ந்தன. ஆகவே பத்துப் பொத்தான்களை மட்டும் உடைய கருவி முற்காலத்ததாக இருத்தல் கூடும். அன்றியும், பொத்தான் உள்ளமையால் மட்டும் ஒரு கருவி சுரமுறையைச் சேர்ந்தது எனத் துணிதலாகாது. பொத்தானை அழுத்தினாலும் உள்ளே துடிப்பையே எழுப்பும் கருவிகள் 1980களில் மலிந்திருந்தன. இணைப்புள்ள கருவியைச் செவியில் வைத்து அழுத்திப் பார்த்தால் சுரமா துடிப்பா என்பது புலனாகும்.

ஐந்தாவது, காலக்குறி. அடித்தகடு, மணி, கைப்பிடியின் உட்புறம், மேலோடு ஆகிய உறுப்புகளில் மாதமும் ஆண்டும் இலக்கங்களால் பொறிக்கப்பட்டிருத்தல் உண்டு. ஒரு கருவியில் ஒரு காலக்குறி கண்டதும் நின்றுவிடுதல் தவறு. எல்லா உறுப்புகளையும் நோக்குதல் வேண்டும். எல்லாக் குறிகளும் சில மாத இடைவெளிக்குள் அமைந்தால் அது பிறந்தபடியே இருக்கும் கருவி. ஆண்டுகள் விலகி நின்றால் அது திருத்தப்பட்ட கருவி.

திருத்தப்பட்ட கருவிகள் ஏன் இத்துணை மிகுதியாக உள்ளன என்ற வினா இங்கே எழும். கனடாவில் நெடுங்காலமாகத் தொலைபேசிக் கருவி வாடிக்கையாளரின் உடைமையாக இருக்கவில்லை. கம்பனியிடமிருந்து வாடகைக்குப் பெறப்பட்டது. வீடு மாறுவோர் திருப்பிக் கொடுத்த கருவிகள் பணிமனையிற் கழற்றப்பட்டு, துலக்கப்பட்டு, பழுதான உறுப்புகள் மாற்றப்பட்டு வேறொருவருக்கு வழங்கப்பட்டன. 1980களின் தொடக்கத்திலேயே வாடிக்கையாளர் சொந்தக் கருவியை வாங்கி இணைக்கும் உரிமை நடைமுறைக்கு வந்தது. அதன்பின் பழைய கருவிகள் பலவும் பழம்பொருட் கடைகளை அடைந்தன.

சுவடிப் பதிப்பில் ஈடுபட்டோர்க்கு இந்நிலை புதிதன்று. ஒரே கட்டினுள் மூல ஏடுகளும், சிதைந்தவற்றுக்கு ஈடாகப் பிற்காலத்தில் எழுதிச் சேர்த்த ஏடுகளும் கலந்திருப்பதை அவர்கள் அறிவர். அத்தகைய சுவடியைப் போலியென ஒதுக்குவதில்லை. எந்த ஏடு எக்காலத்தது என வேறுபடுத்தியே வாசிப்பர். தொலைபேசியையும் அவ்வாறே வாசித்தல் வேண்டும். உறுப்புகள் ஒத்த கருவியையே சேகரிப்பாளர் பெரிதும் விரும்புவர். அதற்கு விலையும் மிகுதி. வரலாற்று மாணவனுக்கோ உறுப்புகள் ஒவ்வாத கருவியே கூடுதலாகப் பேசுகின்றது.

அலுவிகாரைக் கருவி கூறுவது

இனி எம் இல்லத்துக் கருவிக்கு வருவோம். அடித்தகட்டில் நோர்தேர்ன் எலெக்ட்றிக் என்ற பெயர். அப்பெயர் 1976 உடன் மறைந்தது. மேலோட்டின் உட்புறத்தும் அடித்தகட்டிலும் 1964 ஆம் ஆண்டுக்குரிய குறிகள். கைப்பிடியில் 1971 க்குரிய குறி. இணைப்புக் கம்பியின் நுனியில் செருகி எடுக்கத்தக்க சிறு சதுர முனை. 1960களின் கருவிகளில் கம்பி சுவர்ப் பெட்டியுள் நேராக முடுக்கப்பட்டிருக்கும். இச்செருகு முனை 1970களின் நடுப்பகுதியின் பின்னரே வழக்கிற்கு வந்தது. ஆகவே இக்கருவி 1964 இல் உருவாகி, ஒரு முறை கைப்பிடி மாற்றப்பெற்று, பின்னொரு முறை கம்பியும் மாற்றப்பெற்று, குறைந்தது மூன்று நிலைகளைக் கடந்து மாமாவின் கையை அடைந்துள்ளது. 1988 இல் அது இருபத்துநான்கு வயதுடைய பழங்கருவி. புத்தம்புதியதன்று.

இவ்விடத்திலே நிதானம் தேவை. கருவி எதனை நிறுவுகின்றது, எதனை நிறுவவில்லை என வரையறுத்தல் முறையாகும். மாமா அனுப்பியது பழைய கருவி என்பதை அது நிறுவுகின்றது. அதனை அவர் பழையதென அறிந்தே வாங்கினாரா, புதியதெனக் கூறி எவரேனும் அவரிடம் விற்றனரா, வேலைத்தலத்தில் எவரேனும் கொடுத்தனரா என்பதை அது கூறவில்லை. ஆயினும் ஒன்று தெளிவு. அவ்வாண்டுகளில் அவர் தம் நிலை குறித்துக் கடிதத்திலும் கடைத் தொலைபேசியிலும் கூறிவந்தது ஒரே வாசகந்தான்: “நல்லா இருக்கேன், ஒரு குறையும் இல்லை.” புதிய கருவி வாங்கும் வசதி 1988 இல் அவருக்கு வாய்த்திருந்தது என்ற எம் குடும்ப நம்பிக்கைக்கு இனி ஆதாரமில்லை. குரல் மறைத்திருக்கக்கூடிய ஒன்றை இருபத்துநான்கு ஆண்டு பழைய தகடு வெளியிட்டுவிட்டது.

இதனைப் பாட்டியாரிடம் கூறுவதா விடுவதா என்று சில நாட்கள் தயங்கினேன். முடிவில் கருவியைக் கவிழ்த்து, சுண்ணப்பொடி தங்கிய எழுத்தைக் காட்டி, கண்டதை உள்ளவாறே கூறினேன். அவர் விரலால் அவ்வெழுத்துகளைத் தடவிப் பார்த்தார். “புதுசுன்னு தானே எழுதியிருந்தான்” என்றார். சற்று நேரங் கழித்து, “அந்தக் குளிர்ல இதைத் தூக்கிக்கிட்டு எத்தனை கடை ஏறி இறங்கினானோ” என்றார். பின்னர் அதைப் பழையபடி சேலையிற் சுற்றாது முன்னறை மேசையில் வைக்கச் சொன்னார்.

ஆராய்ச்சி ஒரு குடும்ப நினைவைச் சிதைத்துவிட்டது என்று சிலர் கருதக்கூடும். யான் அவ்வாறு கருதவில்லை. புதிய கருவியை அனுப்பிய வசதியுள்ள மகன் என்ற நினைவு போயிற்று. தான் வாங்கக்கூடியதை வாங்கி, தாய் மகிழ அதனைப் புதியதெனச் சொன்ன மகன் என்னும் நினைவு வந்தது. இரண்டாவதையும் முழு உறுதியுடன் கூற இயலாது. ஆயின் அது சான்றுக்கு முரணாகவில்லை. நினைவைச் சான்று திருத்தலாம். சான்றுக்குப் பொருள் கூற நினைவு வேண்டும். பாட்டியாரின் சொல்லின்றி அக்கருவி எமக்கு ஒரு பழம்பொருள் மட்டுமே. கருவியின்றி அவர் சொல் சரிபார்க்க இயலாத ஒரு கதை.

முடிவுரை

கனடாவில் இத்தகைய கருவிகளைச் சேகரித்து இனங்காண்போர் பலர் உள்ளனர். ஒட்டாவாவிலுள்ள கனடிய விஞ்ஞான தொழினுட்ப அரும்பொருளகம் நாட்டின் தொலைபேசி உற்பத்தி வரலாற்றைச் சேர்ந்த பொருள்களைப் பேணுகின்றது. பிரான்ற்போட்டில் பெல் குடும்பத்தின் இல்லம் தேசிய வரலாற்றுத் தலமாகக் காக்கப்படுகின்றது. அவை உற்பத்தி செய்தவர் வரலாறு. அக்கருவிகளை வாங்கிப் பயன்படுத்தியவர் வரலாறு, சிறப்பாகக் கடல் கடந்து சென்ற தமிழர் தம் ஊருக்கு அனுப்பிய பொருள்களின் வரலாறு, அரும்பொருளகங்களைவிட மாத்தளையிலும் வவுனியாவிலும் யாழ்ப்பாணத்திலும் உள்ள வீட்டு அலுமாரிகளிலேயே கிடக்கின்றது. அங்கிருந்து அது பழைய இரும்பு வாங்குவோரின் வண்டிக்குச் செல்ல ஒரு நாட் காலை போதும்.

ஆகவே மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். பழைய தொலைபேசியொன்றை வீட்டிலிருந்து அகற்றுமுன் அதனைக் கவிழ்த்துப் பாருங்கள். ஒட்டியிருக்கும் தாள்களை உரிக்காதீர்கள். தேய்ந்த எழுத்தைக் கூரிய பொருளாற் சுரண்டாதீர்கள். அழகு கருதி வர்ணம் பூசாதீர்கள். பெயர், ஊர், காலக்குறி, சுழல்தட்டின் எழுத்து, பொத்தான்களின் தொகை, இணைப்பு முனையின் வகை ஆகியவற்றை உறுப்பு உறுப்பாகக் குறிப்பேட்டில் எழுதுங்கள். அதே பக்கத்தின் எதிர்ப்புறத்தில், அக்கருவி எவரால், எப்பொழுது, எதற்காக வந்ததென வீட்டு மூத்தோர் கூறுவதை அவர் சொற்களிலேயே எழுதுங்கள். இரண்டும் முரண்படின் எதனையும் அழிக்காதீர்கள். முரண்பாட்டையும் சேர்த்தே எழுதுங்கள்.

ஓதுவார் உள்ளபொழுதே எழுதிவிட வேண்டும் என்று ஈராயிரம் ஆண்டுகளின் முன் ஆலோக விகாரையில் கூடியோர் உணர்ந்தனர். எம் மாமா பேசியதை எவரும் எழுதவில்லை. இனி எழுதவும் இயலாது. பாட்டியார் கூறியதை எழுதியுள்ளேன். அவருக்கு இப்பொழுது எண்பத்துநான்கு வயது.